குடிமாறுகிறவர்கள் என் ஜெராக்ஸ் கடையில் கேட்கும் கேள்விகள்: பாலக்காட்டுக் கிழக்கிலிருந்து கோவை, பொள்ளாச்சி, அதற்கும் அப்பால்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விண்ணப்பம் நிரப்புவது, டைப் அடிப்பது, ஆன்லைனில் பதிந்துகொடுப்பது, நடுநடுவே லேமினேஷன். வீடு மாற்றுகிற ஆள் யாராக இருந்தாலும் ஒருநாள் என் கடைப் படி ஏறித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் பீரோவும் கட்டிலும் டெம்போவில் போய்விடும், பேர் அப்படிப் போகாது. நானும் 2012இல் குடும்பத்தோடு கோவைக்குக் குடிபோய் 2019இல் திரும்பி வந்தவன். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், அதனால் ஒரேயடியாக எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இத்தனை பேர் மாநிலம் விட்டு மாநிலம் போகிறார்களே, எதற்குத்தான் போகிறார்கள்?

முதல் காரணம் கல்யாணம். சிரிக்காதீர்கள், கணக்கே அப்படித்தான் சொல்கிறது. 2020-21இல் மத்திய அரசு எடுத்த தொழிலாளர் கணக்கெடுப்பில், ஊர் மாறிய பெண்களில் நூற்றுக்கு 86.8 பேர் கல்யாணத்தால் மாறியவர்கள். ஊர் மாறுவது என்றாலே வேலை தேடி ரயில் ஏறுகிற ஆண்பிள்ளை என்று நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் அதிகம் நகர்ந்திருப்பது நம் வீட்டு அக்கா தங்கைகள்தான். எங்கள் பக்கம் பெண் எடுப்பதும் கொடுப்பதும் பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு, உடுமலை என்று அந்தப் பக்கமாகத்தான் பாதி. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலம் பிரித்தபோது எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகா கேரளத்தில் சேர்ந்தது, அதற்காகச் சம்பந்தி வீடுகள் மாறிவிடவில்லை.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கில் பிறந்த ஊரிலோ முன்பு இருந்த ஊரிலோ இல்லாமல் வேறு ஊரில் இருந்தவர்கள் சுமார் 45 கோடி. அதில் மாநில எல்லையைத் தாண்டியவர்கள் 5.4 கோடிதான். மீதிப் பேர் பக்கத்துத் தாலுகாவுக்கும் பக்கத்து மாவட்டத்துக்கும் போனவர்கள். எல்லையில் இருக்கிற எங்களுக்கு இந்தக் கணக்கே வேடிக்கை. எனக்குப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள், திருவனந்தபுரம் போகவேண்டுமானால் ராத்திரி ரயில். இதில் பொள்ளாச்சிக்குப் போனால் வேறு மாநிலம், திருவனந்தபுரம் போனால் உள்ளூர்!

அடுத்து வேலை, பிள்ளைகள் படிப்பு, ஆஸ்பத்திரி, தண்ணீர். தண்ணீரைக் கடைசியில் சொன்னதால் சின்னது என்று நினைக்கவேண்டாம். பாலக்காடு மழைக்குப் பேர்போன மாவட்டம் என்று வெளியே இருக்கிறவர்கள் சொல்வார்கள், எங்கள் பக்கத்து எருத்தேம்பதி, வடகரப்பதி வந்து பார்த்தால் தெரியும், தமிழ்நாட்டு வறட்சி அப்படியே இங்கே நீண்டு கிடக்கும். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தின்படி சித்தூருக்கு வருஷம் 7.25 டி.எம்.சி. வரவேண்டும், அது வந்ததா, எப்போது வந்தது என்பதுதான் ஒவ்வொரு கோடையிலும் டீக்கடைப் பேச்சு. போதாததற்கு 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் தலைகாட்டிய வெள்ளை ஈ எங்கள் தோப்புகளையும் விடவில்லை.

ஆனால் விண்ணப்பத்தில் காரணம் என்று ஒரு கட்டம்தான் இருக்கும், மனுஷனுக்கு ஒரு காரணம் இருப்பதில்லை. ஒருத்தர் வந்து பையன் படிப்புக்காகக் கோவை போகிறோம் என்றார். பேச்சுக் கொடுத்தால் இரண்டு போர் போட்டு இரண்டும் காற்று, மாமியார் மதுக்கரையில் தனியாகக் கிடக்கிறார், தம்பியோடு பாகப் பிரச்சினை, இதெல்லாம் முடிந்து கடைசியில்தான் பையன் படிப்பு. கட்டத்தில் 'கல்வி' என்று எழுதினேன்.

கேரளத்தில்தான் கூலி அதிகம், பிறகு ஏன் எங்கள் பையன்கள் கோவைக்கு ஓடுகிறார்கள்?

பெற்றவர்கள் அதிகம் கேட்கிற கேள்வி, கோபத்தோடு கேட்கிற கேள்வி. கூலி அதிகம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ரிசர்வ் வங்கி 2022-23க்கு வெளியிட்ட புள்ளிவிவரத்தில் கிராமப்புறக் கட்டட வேலைக்கு ஒரு நாள் கூலி கேரளத்தில் 850 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டில் 500 ரூபாய் அளவில், நாடு முழுக்கச் சராசரி 393 ரூபாய். ஆனால் அது நாள்கூலி. மாசத்தில் எத்தனை நாள் வேலை என்பதை அந்த அட்டவணை சொல்லாது. ஜூன் ஜூலை மழையில் கொத்தனார் வீட்டில் போய்ப் பாருங்கள்.

ஐ.டி.ஐ. முடித்தவன், டிப்ளமோ முடித்தவன், பி.காம். முடித்தவன், இவர்கள் யாரும் கலவை சட்டி தூக்கப்போவதில்லை. அவர்களுக்கு வேண்டியது மாசச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஒரு கழுத்து அட்டை. அது கோவையில் கிடைக்கும். பம்புசெட் கம்பெனி, பவுண்டரி, மில், சரவணம்பட்டிப் பக்கம் ஐ.டி., எது படித்தவனுக்கும் ஏதோ ஒரு கதவு திறக்கும், சம்பளம் ஆரம்பத்தில் கொத்தனார் வாங்குவதை விடக் குறைவாக இருந்தாலும் திறக்கும். நம்ம பக்கம் கஞ்சிக்கோடு இருக்கிறது, கேரளத்தின் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்று, ஆனால் மாவட்டம் முழுக்கப் படித்து வெளியே வருகிற பையன்களுக்கு அது ஒன்று போதுமா?

அப்புறம் யாரும் வெளியே சொல்லாத ஒரு விஷயம். பெண் வீட்டில் "மாப்பிள்ளை என்ன பண்றார்" என்று கேட்டால் "கோயமுத்தூர்ல கம்பெனி" என்று சொல்வதற்கும் "சென்ட்ரிங் வேலை, நாளைக்கு ஆயிரம் ரூபா" என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்காரன்தான் அதிகம் சம்பாதிக்கிறான். பெண் கிடைப்பது கம்பெனிக்காரனுக்கு.

எங்கெங்கே போகிறார்கள்?

எங்கள் பக்கத்திலிருந்து என்றால் முதலில் கோவையின் தெற்கு ஓரம்: குனியமுத்தூர், கோவைப்புதூர், சுந்தராபுரம், ஈச்சனாரி, மதுக்கரை. காரணம் எளிது, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து தேங்காயும் அரிசியும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். பொள்ளாச்சியும் உடுமலையும் சொந்தக்காரர் ஊர், அங்கே போனால் போனது மாதிரியே இருக்காது. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குக் குடும்பமாகப் போகிறவர்கள் உண்டு. படித்தவர்கள் பெங்களூர், சென்னை. பாலக்காட்டு அக்ரஹாரத்து ஐயர்மார் இந்த வேலையை நமக்கு இரண்டு தலைமுறை முந்தியே செய்துவிட்டார்கள், கல்பாத்தியில் தேர் சமயம் வருகிற கார் நம்பர்களைப் பார்த்தாலே எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

மலையாளிகளோடு படித்துப் பழகினவன் வளைகுடாவுக்குப் போகிறான். 2023 கேரளக் குடிபெயர்வு ஆய்வின்படி வெளிநாட்டில் இருக்கும் கேரளத்தார் சுமார் 22 லட்சம். தமிழ்நாட்டில் 2015இல் எடுத்த ஆய்விலும் ஏறக்குறைய அதே 22 லட்சம்தான் வந்தது, ஆனால் தமிழ்நாட்டு ஜனத்தொகை கேரளத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தக் காற்று எல்லையோரத் தமிழன் மேலும் வீசத்தானே செய்யும்.

அந்தப் பக்கத்திலிருந்து இங்கே யாரும் வருவதில்லையா?

வந்தார்கள், நிறைய வந்தார்கள். இருபது இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கேரளத்தில் எங்கே வீடு கட்டினாலும் மண் சுமந்தது தமிழாள்தான், கொச்சியில் வாத்துருத்தி என்கிற இடமே தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பு. இன்று அந்த வேலைக்கு வங்காளி, அசாமி, ஒடியாக்காரர். 2013இலேயே கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் 25 லட்சம் என்று திருவனந்தபுரத்துக் குலாத்தி நிறுவனம் மதிப்பிட்டது. தமிழர் குறைந்ததற்குக் காரணம் கேரளம் கசந்துபோனதல்ல, கோவையிலும் திருப்பூரிலும் ஓசூரிலும் வேலை பெருகி, வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று ஆனதுதான். இப்போது கோவையிலும் திருப்பூரிலும்கூட அதே ஒடியாக்காரர்தான் நிற்கிறார், அது தனிக்கதை.

கள்ளையும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. சித்தூர்த் தாலுகாவில் இறக்குகிற கள் கேரளம் முழுக்கப் போகிறது. ஒரே தென்னை, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் கள், அந்தப் பக்கம் நின்றால் தேங்காய். அதற்காகவே தோப்பைப் பிடித்துக்கொண்டு இங்கேயே இருக்கிற குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

அப்புறம் தினசரி வருகிறவர்கள். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலை ஜீப் ஏறி, கம்பம்மெட்டும் போடிமெட்டும் தாண்டி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிற பெண்கள். வாழ்நாள் முழுக்க வேறு மாநிலத்தில் உழைத்து, ஒரு ராத்திரிகூட அங்கே தங்காதவர்கள். இதை எந்தக் கணக்கிலும் குடிபெயர்வு என்று எழுதமாட்டார்கள்.

மூணாறு எஸ்டேட்டில் ரிட்டயர் ஆனவர்கள் ஏன் தமிழ்நாட்டுக்குப் போய்விடுகிறார்கள்? அங்கேயே பிறந்தவர்கள்தானே?

லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு கம்பெனி வீடு. வேலை இருக்கும்வரைதான் வீடு. ஆள் சேர்க்கும் கங்காணிமார் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, மூன்று நாலு தலைமுறை கொழுந்து கிள்ளியாயிற்று, ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் காலடி மண் ஒரு சென்ட் சொந்தமில்லை. பிள்ளைகளில் யாராவது ஒருவர் எஸ்டேட் வேலையில் இருந்தால் அந்த லயத்திலேயே ஒண்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு தென்காசி, சங்கரன்கோவில், கயத்தாறு, தேனி என்று, பெரியவர்கள் திருவிழாவுக்கு மட்டும் போய்வந்த ஊரில், அறுபது வயசில் புதிதாகக் குடியேறவேண்டும். அதைப் போய் "சொந்த ஊருக்குத் திரும்புகிறார்கள்" என்கிறோம்.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். அந்த வாரம் கயத்தாறு பக்கத்துக் கிராமங்களில் விழுந்த இழவைப் பார்த்துத்தான் பலருக்கு இந்த இரண்டு ஊர்களுக்கும் உள்ள தொடர்பே தெரிந்தது.

மாநிலம் மாற யாரிடமாவது அனுமதி வாங்கவேண்டுமா?

வேண்டாம். அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு இந்தியாவில் எங்கேயும் போகலாம், எங்கேயும் குடியிருக்கலாம் என்கிறது. வீட்டுக்காரரிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள், அதுதான் கஷ்டம்.

ரேஷன் கார்டை என்ன செய்வது?

உங்கள் கார்டு என்ன நிறம் என்று முதலில் சொல்லுங்கள். கேரளத்தில் மஞ்சள், பிங்க் கார்டுக்காரர்கள் முன்னுரிமைப் பிரிவு, அவர்கள் 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் எந்த மாநிலக் கடையிலும் கைரேகை வைத்து மத்திய அரசு ஒதுக்கும் தானியத்தை வாங்கலாம். நீலமும் வெள்ளையும் அந்தத் திட்டத்தில் வராது. தமிழ்நாட்டுக் கடையில் பருப்பு, பாமாயில், சர்க்கரை கொடுக்கிறார்களே என்று கேட்காதீர்கள், அது தமிழ்நாட்டு அரசு தன் கார்டுக்குத் தருவது, கேரளக் கார்டுக்கு இல்லை.

நிரந்தரமாகப் போவதென்றால் இங்கே பேர் நீக்கிச் சான்று வாங்கிக்கொண்டு அங்கே புதுக் கார்டுக்கு எழுதவேண்டும். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. குடும்பத்தில் இரண்டு பேரை மட்டும் எடுத்துக்கொண்டு போய், மீதியை இங்கேயே விட்டுவைக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஆளின் பேர் இருந்தால்தான் தப்பு, குடும்பம் இரண்டாகப் பிரிந்திருப்பது தப்பில்லை.

கேரளா நம்பர் வண்டியைக் கோவையில் ஓட்டலாமா?

பன்னிரண்டு மாசம் வரை ஓட்டலாம். அதற்கு மேல் அங்கேயே வைத்திருந்தால் அந்த மாநில நம்பருக்கு மாற்றவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. இங்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீசில் என்.ஓ.சி. என்கிற ஆட்சேபணையில்லாச் சான்று (படிவம் 28), வண்டிக்குக் கடன் இருந்தால் பாங்கின் ஒப்புதல், அங்கே போய்ப் படிவம் 27, சாலை வரியை அங்கே புதிதாகக் கட்டுவது, கட்டிய ரசீதைக் கொண்டுவந்து இங்கே மீதி வருஷ வரியைத் திருப்பிக் கேட்பது. படிக்கவே மூச்சு வாங்குகிறதா? நான் 2013இல் என் ஸ்கூட்டருக்கு இதைச் செய்தேன். ஒரு ஆபீசில் கையெழுத்து சரியில்லை என்று திருப்பினார்கள், அடுத்த தடவை சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்தது தெளிவில்லை என்றார்கள், மூன்றாவது தடவை ஆள் லீவு. ஸ்கூட்டரின் மதிப்பே முப்பதாயிரம்தான், அதற்கு நான் விட்ட அரைநாள் சம்பளங்களைக் கூட்டிப் பார்க்கவில்லை.

2021இல் வந்த பி.எச். (பாரத்) நம்பர், மாநிலம் மாறினாலும் மாற்றவேண்டியதில்லை என்பதால், இந்தத் தொல்லைக்கு மருந்து, ஆனால் அது அரசு ஊழியருக்கும், நாலு மாநிலத்துக்குக் குறையாமல் ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனிக்காரருக்கும்தான். பவுண்டரியில் வேலை பார்க்கிறவனுக்கு இல்லை.

வோட்டு?

படிவம் 8. முன்பு புதிதாகப் பேர் சேர்க்கிற படிவம் 6தான் கொடுப்பார்கள், 2022இலிருந்து இடமாற்றத்துக்கும் 8தான். இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு இரண்டு தேர்தலிலும் விரலில் மை வாங்குகிற பழக்கம் எல்லையில் கொஞ்சம் இருந்தது, ஒளிப்பானேன். 2025 நவம்பரில் இரண்டு மாநிலத்திலும் சேர்ந்தே வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஆரம்பித்தபோது என் கடையில் ஒரே கூட்டம், எல்லாருக்கும் திடீரென்று எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கவேண்டி வந்தது. முப்பது வருஷமாகத் தள்ளிப்போட்ட கேள்வி அது. புருஷன் இந்தப் பக்கம், பெண்டாட்டி அந்தப் பக்கம் என்று எழுதிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள்.

பிள்ளையை எந்த வகுப்பில் மாற்றினால் நல்லது?

ஆறாம் வகுப்புக்கு முன்னால். இதை நான் கத்திக்கத்திச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கைக்கு மாநில ஒதுக்கீட்டில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே படித்தவனுக்குப் பூர்வீகம் நிரூபிக்கிற தலைவலி இல்லை. அரசுப் பள்ளி மாணவருக்கு 2020இல் கொண்டுவந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான். எட்டாவதில் கூட்டிப்போனால் டாக்டர் கனவு வந்தபிறகு என் கடைக்கு வந்து "ஏதாவது வழி இருக்குங்களா" என்று நிற்கவேண்டிவரும். ஒரே சமயத்தில் இரண்டு மாநிலத்திலும் பூர்வீகம் கோரவும் கூடாது, மாட்டினால் சீட் போய்விடும்.

மொழி பற்றி: இங்கே தமிழ் மீடியம் பள்ளிகள் இருக்கின்றன, அதில் படித்த பிள்ளைக்குப் பிரச்சினை இல்லை. மலையாள மீடியத்திலோ இங்கிலீஷ் மீடியத்தில் மலையாளத்தை மொழிப்பாடமாக எடுத்தோ படித்த தமிழ்ப் பிள்ளைகள்தான் அங்கே போய் முழிப்பார்கள். வீட்டில் தமிழ்தான் பேசும், எழுதச் சொன்னால் 'அம்மா' என்பதோடு நிற்கும். தமிழ்நாட்டில் 2006ஆம் வருஷச் சட்டப்படி பத்தாவது வரை தமிழ் கட்டாயம். என் மகளுக்கு நான்காவதில் இதே கதைதான், தமிழ் டீச்சர் "நீங்க மலையாளிங்களா" என்று கேட்டதற்கு அவள் அழுதுகொண்டு வந்தாள். இங்கே இருந்தவரை அவளைப் 'பாண்டி' என்று, தமிழரைக் கிண்டல் செய்கிற பேரால், கூப்பிட்ட பிள்ளைகளும் உண்டு.

சாதிச் சான்றிதழ் அங்கே செல்லுமா?

இதைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள், இதில் ஏமாந்தவர்கள் அதிகம். பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. அதே சாதிப்பேர் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருந்தாலும், குடிமாறிப் போனவருக்குப் போன இடத்து மாநில அரசின் இடஒதுக்கீடு கிடையாது. உச்சநீதிமன்றம் 1990இல் சொன்னது, 1994இல் திரும்பச் சொன்னது, 2018இலும் அதையே உறுதிசெய்தது. மத்திய அரசு வேலைக்கும், பிறந்த மாநிலத்துக்கும் உரிமை அப்படியே இருக்கும். போன மாநிலத்திலேயே, அப்பாவின் பழைய சான்றிதழை வைத்து ஒரு சான்றிதழ் தருவார்கள், ஆனால் அதில் வேறு மாநிலத்தவர் என்று எழுதியிருக்கும், அதை வைத்துக்கொண்டு அந்த மாநில ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது.

கொடுமை எங்கே என்றால் எஸ்டேட் பிள்ளைகளிடம். யார் எந்த மாநிலத்தவர் என்பதற்குப் பட்டியல் சாதியினருக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்த 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதியைப் பார்க்கிறார்கள். அன்று உன் தாத்தா இங்கே குடியிருந்தார் என்பதற்கு ஆதாரம் கொண்டுவா. லயத்தில் இருந்த கூலிக்காரனிடம் 1950இல் என்ன காகிதம் இருக்கும்? நிலம் இல்லை, அதனால் வரி ரசீது இல்லை. பள்ளிக்கூடம் போகவில்லை, அதனால் டி.சி. இல்லை. இருந்தால் எஸ்டேட்டில் ஆள் வருகையும் கூலியும் எழுதுகிற செக்ரோல் பதிவேடு இருக்கவேண்டும், அதுவும் கரையான் விட்டுவைத்திருந்தால். கேரளத்தில் கேட்டால் தமிழ்நாட்டில் வாங்கு என்பார்கள், தமிழ்நாட்டில் கேட்டால் நீ பிறந்தது கேரளம் என்பார்கள். தன் சாதியைச் சொல்லி ஊரெல்லாம் ஒதுக்கிவைத்த ஒரு ஆளிடம், உன் சாதிக்கு ஆதாரம் எங்கே என்று இரண்டு அரசாங்கமும் கேட்கிறது.

கல்யாணம் பண்ணிக்கொண்டு எல்லை தாண்டிய பெண்ணுக்கும் இதே விதிதான். புருஷன் மாநிலத்தின் ஒதுக்கீடு அவளுக்கு வராது. பெண் கொடுப்பதற்கு முன்னால், அவள் அரசு வேலைக்குப் படிக்கிறவளாக இருந்தால், ஜாதகத்தோடு இதையும் பாருங்கள்.

அப்பா அம்மாவையும் கூட்டிப்போய்விடலாமா?

கூட்டிப்போகலாம், பேரைக் கூட்டிப்போகாதீர்கள். கேரளத்தில் சமூக நல ஓய்வூதியம் பல வருஷம் 1600 ரூபாயாக இருந்து 2025 நவம்பரிலிருந்து 2000. தமிழ்நாட்டு முதியோர் உதவித்தொகை 2023இலிருந்து 1200. அம்மாவுக்கு இது பணம் மட்டுமல்ல, மகனிடம் கேட்காமல் வெற்றிலைக்கும் பேரனுக்கு முறுக்குக்கும் எடுக்கிற காசு. அதை நிறுத்திவிட்டு கோவைக்கு வா என்றால் எந்தக் கிழவியும் வரமாட்டாள். ஆனால் மருமகளுக்கோ அங்கே மகளிர் உரிமைத்தொகை மாசம் 1000, டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, கரண்ட் இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆக மாமியார் கேரளம், மருமகள் தமிழ்நாடு. இரண்டு பேருக்கும் ஆகாது என்றுதான் பிரிந்து இருக்கிறார்கள் என்று ஊர் பேசும், எனக்குத் தெரியும் விஷயம் அது இல்லை என்று.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. என் கடையில் இத்தனை வருஷம் பார்த்ததில் முழுக்குடும்பமாகப் பேர்த்தெடுத்துக்கொண்டு போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாதி போகும், பாதி இருக்கும். கூலி ஒரு பக்கம், மாசச் சம்பளம் ஒரு பக்கம், பென்ஷன் ஒரு பக்கம், பஸ் ஒரு பக்கம் என்று பார்த்துப் பார்த்து ஆளை வைக்கிறார்கள். விவரம் கெட்டவர்கள் என்று ஆபீசில் திட்டுகிறார்களே, அவர்களை விட விவரமான கணக்கு இது.

போகும்போது இங்குள்ள பூமியை விற்றுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் வில்லேஜ் ஆபீசில் உங்கள் பூமி என்ன என்று எழுதியிருக்கிறது பாருங்கள். தமிழில் நிலம் என்றால் எல்லாம் நிலம். கேரள வருவாய்ப் பதிவில் 'நிலம்' என்றால் நெல்வயல், 'புரையிடம்' என்றால் வீடு கட்டுகிற மேட்டுப் பூமி. 2008ஆம் வருஷ நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு 'நிலம்' என்று எழுதியிருந்தால் மண் நிரப்பவோ வீடு கட்டவோ எளிதில் முடியாது, விலை பாதியாகிவிடும். பதிவில் 'நிலம்', பார்த்தால் முப்பது வருஷத் தென்னை என்று இருக்கிற பூமி இங்கே நிறைய, அதை மாற்ற அலைவது தனி வேலை. இங்கே 'ஆதாரம்' என்பது அங்கே பத்திரம், இங்கே 'போக்குவரவு' அங்கே பட்டா மாறுதல், இங்கே 'கரம்' கட்டிய ரசீது அங்கே வரி ரசீது. அங்கே வாங்கும்போது முத்திரையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், இங்கே 10.

என் அபிப்பிராயம் கேட்டால், பத்து சென்டாவது வைத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. கொரோனாவில் பார்த்தோமே.

கொரோனாவில் என்ன ஆனது?

வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எங்களுக்குத் தெரிந்தவரை டீ குடிக்கப் போகிற இடமெல்லாம் 2020 மார்ச்சில் எல்லையாகிவிட்டது. ஜி.எஸ்.டி. வந்து 2017இல் லாரிக் கூட்டம்கூடக் குறைந்து, செக்போஸ்ட் என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தோம். பாஸ் இல்லாமல் சாவுக்குப் போகமுடியவில்லை. மாடு இந்தப் பக்கம், மேய்க்கிற ஆள் அந்தப் பக்கம். பாதி இங்கே பாதி அங்கே என்று இவ்வளவு நேரம் பெருமையாகச் சொன்னேனே, அந்த ஏற்பாடு எவ்வளவு லேசான நூலில் தொங்குகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இதற்கு முன்னாலும் சின்ன அளவில் பார்த்திருக்கிறோம்: பாலக்காடு பொள்ளாச்சி ரயில் பாதையை அகலமாக்க 2008 கடைசியில் மூடி 2015இல்தான் திறந்தார்கள், அந்த ஏழு வருஷத்தில் ரயிலை நம்பி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் சிலர் அந்தப் பக்கமே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தமிழர் என்பதால் இங்கே இருக்கமுடியாமல் போகிறார்களா?

அப்படிச் சொல்லிக்கொண்டு போனவர் யாரும் என் கடைக்கு வரவில்லை. கிண்டல் உண்டு, ஆபீசில் மலையாளத்தில் மட்டும் வரும் காகிதத்தைப் பார்த்து எரிச்சல் உண்டு, கேரள அரசுப் பணித் தேர்வாணையத்தில் (பி.எஸ்.சி.) தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று கிளார்க் பணி அறிவிப்பு எப்போதாவது வந்தால் அதற்கு அடிதடி உண்டு. அதற்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு யாரும் கிளம்புவதில்லை.

ஆந்திர எல்லையிலும் இப்படித்தானா?

என் மச்சினன் நகரியில் பெண் எடுத்திருக்கிறான், அதனால் கொஞ்சம் தெரியும். 1953இல் ஆந்திரம் பிரிந்து, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, நகரி, புத்தூர் அங்கேயே நின்றுவிட்டன, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. அங்கே பெரிய ஊர் சென்னை, வேலை என்றால் தடா பக்கம் ஸ்ரீசிட்டி, குப்பத்துக்காரர்களுக்குப் பெங்களூர். பென்ஷன் கணக்கு அங்கே இன்னும் தூக்கல், முதியோருக்கு மாசம் 4000. அவனுடைய மாமியார் திருவள்ளூரில் மகள் வீட்டிலேயே இருந்தாலும் ஒன்றாம் தேதி பொழுது விடிகிறபோது நகரியில் இருப்பார்.

நீங்கள் ஏன் திரும்பி வந்தீர்கள்?

அம்மா. குனியமுத்தூரில் இரண்டாவது மாடி, படி இறங்கினால் ரோடு, ரோட்டில் யாரையும் தெரியாது. பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு "இன்னிக்கு எந்தக் கிழமை" என்று கேட்பார். ஊரில் இருந்தபோது கிழமையை யாரிடமும் கேட்டதில்லை, சந்தை எந்த நாள் என்பது காலுக்கே தெரியும். நான் வேலை பார்த்த கம்பெனியும் அந்தச் சமயம் ஆள் குறைத்தது, அதையும் மறைக்கவில்லை. மனைவிக்கு வேலை கோவையில்தான், அவள் திங்கள் காலை பஸ் ஏறி வெள்ளி ராத்திரி வருவாள். மகளின் பேரும் அங்குள்ள பள்ளியில்தான் இருந்தது, ஆறிலிருந்து பன்னிரண்டு முடிகிறவரை எடுக்கவில்லை, அவளும் அவள் அம்மாவோடு அங்கே. என் அம்மாவும் நானும் இங்கே.

கே.எல். 09ஆக இருந்து அத்தனை அலைச்சலில் டி.என். 37 ஆன அந்த ஸ்கூட்டர் இப்போது கடை வாசலில்தான் நிற்கிறது. பன்னிரண்டு மாசம் எப்போதோ தாண்டிவிட்டது. என்.ஓ.சி.க்கு எழுதி வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள், நான் படிவத்தைப் பார்த்துக்கொள்வேன்.